ட்ரோல் நாலே சுற்றில் செத்துப்போகிறது, என்ன செய்யலாம்?

2025 ஜூன் 1, மாலை 5.10 (பண்டாரவளை வாசகர் கேட்டது)

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டை (ஒருவர் கதையையும் பூதங்களையும் நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கட்டை உருட்டி விளையாடுவது) நடத்தத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. 2014 விதிகள். விளையாடுபவர்கள் நாலு பேர், எல்லாரும் 3ஆம் லெவல். போன கிழமை ட்ரோல் என்ற பூதத்தை இறக்கினேன். புத்தகக் கணக்குப்படி அது ஆளைக் கொல்லும் சண்டை. நாலே சுற்றில் முடித்துவிட்டு "அவ்வளவுதானா?" என்று கேட்டார்கள். அடுத்த முறை அதன் உயிர்ப்புள்ளியை (அடிபட அடிபடக் குறைந்து, தீர்ந்தால் விழும் எண்) இரண்டு மடங்காக்கலாம் என்று இருக்கிறேன். சரிவருமா?

ஜூன் 1, இரவு 9.40

சரிவராது. செய்து பார்த்துக் கெட்டவன் சொல்கிறேன்.

என்னுடையது ஓகர் என்ற பூதம். புத்தகத்தில் அதற்கு 59 உயிர்ப்புள்ளி, நான் 120 ஆக்கினேன். முதல் மூன்று சுற்று நன்றாகத்தான் போனது. அப்புறம் நடந்தது சண்டை இல்லை, கழித்தல் கணக்கு. கட்டையை உருட்டு, எட்டைக் கழி. உருட்டு, ஆறைக் கழி. ஏழாவது சுற்றில் கள்ளனாக விளையாடும் பையன் போனை எடுத்துவிட்டான். பூசாரியாக விளையாடும் தங்கச்சி, "அண்ணே, இது சாகுமா, இல்ல நான் போயி ரொட்டிக்கு மாவு பிசையவா?" என்று கேட்டாள். ஓகர் செத்தபோது யாரும் சத்தம்கூடப் போடவில்லை.

உங்கள் ட்ரோலைப் பாருங்கள். 84 உயிர்ப்புள்ளி, கவச எண் 15 (அடிக்கிறவரின் கட்டையும் கூடுதலும் சேர்ந்து அதை எட்டினால்தான் அடி படும்). தன் முறை வந்தால் ஒரு கடி, இரண்டு பிறாண்டல். மூன்றும் பட்டால் சராசரி 29, பயங்கரம்தான். ஆனால் மூன்றும் படுவது அபூர்வம். அதைவிட முக்கியம், அதற்குச் சுற்றுக்கு ஒரே ஒரு முறை. அது ஒரு தரம் கையை ஓங்குவதற்குள் உங்கள் ஆட்கள் நாலு பேரும் ஆளுக்கொரு தரம் போட்டுவிடுகிறார்கள். சுற்றுக்கு 20, 25 என்று கழிந்தால் நாலாவது சுற்றில் ட்ரோல் இல்லை. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதற்கு 10 திரும்ப ஊறும் என்பது உண்மை. நெருப்போ அமிலமோ பட்டிருந்தால் அந்தத் தரம் ஊறாது. உங்கள் மந்திரவாதியிடம் நெருப்பு மந்திரம் இருந்திருக்கும். இருந்ததா?

நாலு பேர் சேர்ந்து ஒரு மாட்டை மடக்கிக் கட்டுவது மாதிரிதான் இது. மாடு எவ்வளவு பெரிது என்பது அப்புறம்.

ஜூன் 2

நெருப்பு இருந்ததாம். தெரியும்.

நான் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். நோர்வூட் பக்கம் ஒரு தோட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் லயத்து இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பாய் போட்டு விளையாடுகிறோம். வரைபடம், போன வருடக் காலண்டரின் பின்பக்கம். இருபது முகக் கட்டை ஒன்றே ஒன்று, கைமாறிக்கொண்டே இருக்கும். கொப்ளின் என்ற குட்டிப் பூதங்களுக்குச் சட்டைப் பொத்தான், பெரிய பூதம் என்றால் தைல டப்பா மூடி. கதை நடத்துகிறவனுக்கு இங்கே பெயர் கங்காணி. "கங்காணி, பேர் போட்டாச்சா?" என்றால் முறை வரிசை எழுதியாயிற்றா என்று அர்த்தம்.

உங்களுக்கு என் யோசனை: ஒரு பெரியதை எடுத்துவிட்டு ஆறு சின்னதை விடுங்கள். எக்ஸ்பி என்பது வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி, சண்டையின் கனத்தை அளப்பதும் அதில்தான். கொப்ளின் ஒன்று 50 எக்ஸ்பி, ஆறுக்கு 300. மூன்று முதல் ஆறு வரை எதிரிகள் என்றால் 2ஆல் பெருக்க வேண்டும், 600. 3ஆம் லெவலில் நடுத்தரச் சண்டைக்கு ஆளுக்கு 150, நாலு பேருக்கு அதே 600. தனி ஓகர் 450தான். அதாவது தாளிலேயே ஆறு பொத்தான் ஒரு மூடியைவிடக் கனம். கொப்ளினுக்கு வெறும் 7 உயிர்ப்புள்ளி, ஒரே அடியில் போய்விடும். ஆனால் ஆறு முறை கிடைக்கிறது. அடித்துவிட்டு அதே முறையில் நழுவவோ ஒளியவோ அதற்குத் தனியாக விதி இருக்கிறது. அதை மறக்காதீர்கள், பாதிப் பேர் மறக்கிறார்கள்.

முடிந்ததும் அந்த 600ஐ நாலாகப் பிரித்து ஆளுக்கு 150 கொடுங்கள்.

ஜூன் 8

எழுதிவிட்டு நானே இன்று ஆறு கொப்ளினை இறக்கினேன். வெட்கக்கேடு.

பாதையின் நடுவே ஆறு பொத்தானையும் கும்பலாக வைத்தேன். மந்திரவாதிப் பிள்ளை தூக்க மந்திரம் போட்டது. எட்டு முகக் கட்டை ஐந்தை உருட்டி வரும் எண் அளவுக்கு உயிர்ப்புள்ளி உள்ளவை தூங்கிவிடும். சராசரி 22, ஒரு கொப்ளினுக்கு 7, ஆக மூன்று. எங்களிடம் எட்டு முகக் கட்டை இல்லை, போனில் உருட்டினோம். 29 வந்தது. நாலு பொத்தான் படுத்துவிட்டன. மிச்சம் இரண்டு. கள்ளன் கொட்டாவி விட்டான்.

தேத்தண்ணி குடித்துவிட்டு அதே ஆறையும் திரும்ப வைத்தேன். இந்தத் தரம் மேட்டில், தேயிலைச் செடிக்குள், ஒன்றுக்கொன்று இருபது இருபத்தைந்து அடி தள்ளி. செடி இடுப்பளவு, குனிந்தால் பாதி மறைப்பு, கவச எண்ணில் 2 கூடும். கீழேயிருந்து மேலே ஏறுவதைக் கடினத் தரை என்று வைத்தேன், ஒரு அடி போக இரண்டு அடி நடை செலவு. இடையில் தண்ணி ஓடும் ஒரு கான். அம்பு விட்டுவிட்டு ஒளிவது, இடம் மாறி அடுத்த செடியில் எழும்புவது. அதே 7 உயிர்ப்புள்ளி, அதே 600. பூசாரி விழுந்தாள், போர்வீரன் 3 புள்ளியில் நின்றான். மேட்டின் உச்சியில் இருந்த கடைசிக் கொப்ளினைப் பிடித்ததும் பக்கத்துக் காம்பராக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார்கள்.

ஆகவே நான் 2ஆம் திகதி சொன்னது அரைவாசிதான் சரி. எண்ணிக்கை மட்டும் போதாது. எங்கே நிற்கின்றன என்பதும் வேண்டும்.

ஜூன் 9

திருத்தம். எக்ஸ்பி விஷயத்தில் பிழையாகச் சொல்லிவிட்டேன். 2ஆல் பெருக்குவது சண்டையின் கனத்தை நிறுத்துப் பார்க்க மட்டும். விளையாடுபவர்களுக்குக் கொடுப்பது பெருக்காத 300, ஆளுக்கு 75. நான் எட்டு மாதமாகப் பெருக்கியே கொடுத்து வந்திருக்கிறேன். கள்ளன்தான் விதியைக் காட்டினான். கொடுத்ததைத் திருப்பி வாங்கப் போகிறேனா என்றும் கேட்டான். வாங்கவில்லை. ஆனால் 4ஆம் லெவலுக்கு 2700 வேண்டும், இனி மெதுவாகத்தான் ஏறும் என்று சொல்லிவிட்டேன். பெரட்டில் அரைநாள் சம்பளத்துக்கு அரைப் பேர் போட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று. 2024இல் வந்த புது நடத்துநர் புத்தகத்தில் இந்தப் பெருக்கலே இல்லை, எக்ஸ்பியை அப்படியே கூட்டினால் போதும். அதில் 3ஆம் லெவல் ஆளுக்கு 150, 225, 400 என்று மூன்று படி. இரண்டு புத்தகத்தையும் கலந்துவிடாதீர்கள்.

ஜூன் 15

பனிமூட்டம் பற்றி எழுத வேண்டும். இது என் செல்லப் பிள்ளை. இன்றைக்கு அதே பிள்ளை என் மானத்தை வாங்கியது.

இந்த மாதம் எங்கள் பக்கம் மூன்று மணிக்கெல்லாம் மூட்டம் இறங்கி, தண்ணி பிடிக்கப் பீலிக்குப் போகிற ஆளே தெரியாது. அதை அப்படியே சண்டையில் வைப்போம் என்று நினைத்தேன். அடர்ந்த மூட்டம், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, எல்லாரும் தடுமாறுவார்கள், சண்டை இறுகும் என்று.

விதி என்ன சொல்கிறது? கண்ணுக்குத் தெரியாத எதிரியை அடித்தால் இரண்டு தரம் உருட்டிச் சின்ன எண்ணை எடுக்க வேண்டும். உன்னைப் பார்க்க முடியாத எதிரியை அடித்தால் இரண்டு தரம் உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கலாம். மூட்டத்துக்குள் இரண்டு பேருக்கும் இரண்டும் பொருந்துகிறது. ஒன்றையொன்று வெட்டிவிடும். மிஞ்சுவது வெறும் ஒரு கட்டை, வெயிலில் அடிக்கிற மாதிரியே. கள்ளன் இதைச் சொன்னபோது நான் இரண்டு நிமிடம் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி நடித்தேன். அவன் சொன்னது சரி.

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். விளையாடிக்கொண்டு போகப் போகத்தான் மூட்டத்தின் கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. தூரத்திலிருந்தே குணமாக்கும் சொல்லை, கண்ணால் பார்க்கக்கூடிய ஆளுக்குத்தான் போட முடியும். போர்வீரன் விழுந்து கிடக்கிறான், பூசாரிக்குத் தெரியவில்லை. தொட்டுக் குணமாக்கும் மந்திரம் இருக்கிறது, ஆனால் தொட அவனைத் தேட வேண்டும். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு "எங்கடா இருக்க?" என்று கேட்க, போர்வீரன் பாயில் படுத்தபடி முனகினான். நினைவில்லாத ஆள் முனகலாமா என்று கள்ளன் கேட்டான். அவனை வாயை மூடச் சொன்னேன். குறி தப்பாத மந்திர அம்பும் அப்படித்தான், பார்க்க முடிந்தால்தான் பாயும்.

அதைவிடப் பெரியது இது: எதிரி விலகி ஓடும்போது கிடைக்கும் இலவச அடி, அவன் விலகுவதைப் பார்த்தால்தான் கிடைக்கும். மூட்டத்தில் கிடைக்காது. ஆக எதிரி வந்து அடித்துவிட்டுச் சும்மா நடந்து போகலாம். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு நாலு ஓநாயை விட்டேன். ஒன்றும் நிற்கவில்லை. வந்தது, கடித்தது, போனது. நாலு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள், நான் சொல்லாமலே. மேல் மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் மூட்டத்தில் ஆளுக்காள் கூவிக்கொள்வது போல, ஒவ்வொரு சுற்றிலும் நாலு பேரும் குரல் கொடுத்துக்கொண்டார்கள். விதியில் அதற்கு ஒன்றும் கிடையாது. செய்தார்கள்.

ஜூன் 16

ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார்: புத்தகம் வாங்கக் காசில்லை, எப்படி? அடிப்படை விதிகளின் தொகுப்பு 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வந்துவிட்டது. ஆங்கிலத்தில்தான். கொப்ளின், ஓகர், ட்ரோல் எல்லாம் அதில் இருக்கின்றன. என்னுடையது ஹட்டனில் போட்டோகொப்பி எடுத்தது, ட்ரோல் பக்கத்தில் மீன் குழம்புக் கறை.

ஜூன் 22

குளவி.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். தோட்டத்தில் குளவி விளையாட்டுச் சாமான் இல்லை. ஆனால் இதுவரை நான் நடத்தியதில் இதுதான் மிகக் கடினமான சண்டை. அதை மறைக்க முடியாது.

புத்தகத்தில் பூச்சிக் கூட்டம் என்று ஒன்று உண்டு, குளவி அதன் ஒரு வகை, பறக்கும். 22 உயிர்ப்புள்ளி, 100 எக்ஸ்பி. வாள், அம்பு, தடி எதுவானாலும் பாதிச் சேதம்தான். ஆள் நிற்கும் கட்டத்துக்குள்ளேயே வந்து மொய்க்கும். கூட்டம் முழுசாக இருக்கும்போது கடி சராசரி 10, பாதியாகக் குறைந்தால் 5. மூன்று கூட்டம் வைத்தேன். 300, 2ஆல் பெருக்கினால் 600. அதே நடுத்தரம்.

என் திட்டம்: ஓட வேண்டும். பெக்டரி ரோட்டுக்கு 180 அடி, முழு ஓட்டத்தில் மூன்று சுற்று. அடித்து முடிக்க நினைப்பவன் விழுவான், ஓடுகிறவன் தப்புவான். இப்படி ஓட வைக்கும் சண்டை நல்லது என்று நினைத்திருந்தேன், ஏனென்றால் நம் ஆட்கள் எந்தப் பூதத்திடமிருந்தும் ஓடுவதே இல்லை.

ஓடவில்லை. தங்கச்சி சொன்னாள், "படங்க அவுத்துத் தலையோட மூடிக்கிட்டுக் குப்புறப் படுக்கிறேன்." நான் புரியாமல் பார்த்தேன். மற்ற மூன்று பேரும் யோசிக்கவே இல்லை, "நானும்", "நானும்", "நானும்". அவர்கள் வீராதி வீரர்கள், கவசம் போட்டவர்கள், கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்கு அவர்களுக்கு ஏது? யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கூட்டம் மேலே சுற்றுகிறது, ஆளுக்கொரு கட்டை உருட்டுங்கள், 12க்கு மேல் வந்தால் உங்களைக் கண்டுகொள்ளவில்லை என்றேன். அந்த நிமிடத்தில் வாயில் வந்த எண். மந்திரவாதி 9 போட்டது. 10 புள்ளி சேதம். எழும்பி ஓடலாம், ஓடினால் எல்லாக் கூட்டமும் பின்னால் வரும். அது ஓடவில்லை. அடுத்த சுற்று 7. இன்னும் 10. பாயில் ஒரு சத்தமும் இல்லை. வெளியே மழை மட்டும்.

முடிந்த பிறகுதான் தங்கச்சி சொன்னாள், அவள் பெரியம்மாவுக்கு மலையில் கொட்டி நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள் என்று. முன்னமே கேட்டிருக்க வேண்டும். இப்போது சண்டை தயாரிக்கும் கொப்பியில் முதல் வரி அதுதான்: இது யாருக்காவது நோகுமா?

ஜூன் 23

"கடைசியில் குளவியை வென்றது யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் இல்லை. அது போய்விட்டது. 300 எக்ஸ்பியையும் முழுசாகக் கொடுத்தேன்.

ஜூலை 6

பண்டாரவளைக்காரர் எழுதியிருக்கிறார், அவருடைய கொப்ளின்கள் கடைசி ஒன்று வரை நின்று சாகின்றனவாம். ஏன் சாக வேண்டும்? தோட்டத்து நாய்கூட இரண்டு கல் பட்டால் ஓடும்.

1981இல் வந்த இந்த விளையாட்டின் அடிப்படைப் பெட்டியில் இதற்கு ஒரு விதி இருந்தது, இன்றும் அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு எதிரிக்கும் 2 முதல் 12 வரை ஒரு தைரிய எண். முதல் ஆள் விழும்போது ஒரு தரம், பாதிப் பேர் விழும்போது இன்னொரு தரம், இரண்டு ஆறுமுகக் கட்டையை உருட்ட வேண்டும். தைரிய எண்ணுக்கு மேல் வந்தால் ஓடும், அல்லது சரணடையும். நான் கொப்ளினுக்கு 7 வைத்திருக்கிறேன். 36இல் 15 தரம் ஓடும். ஆறுமுகக் கட்டை லூடோப் பெட்டியிலேயே இருக்கிறது.

சண்டை இதனால் சுலபமாகிவிடும் என்று பயந்தேன். கஷ்டமாகத்தான் ஆனது. ஓடினவை போய் ஆள் கூட்டி வந்தன. ஓடினதைத் துரத்திப் போன கள்ளன் தனியாக மாட்டிக்கொண்டான்.

இன்னும் ஒரு படி போனால், எதிரி எதற்கு வந்தது என்று கேட்க வேண்டும். லயத்துக்குச் சிறுத்தை வருவது மனிதனுக்காக இல்லை, நாய்க்காக. எங்கள் வரிசையில் இரண்டு நாய் அப்படிப் போயிருக்கிறது. ராத்திரி ஒரு சின்னக் கத்தல், விடிந்தால் சங்கிலி மட்டும் கிடக்கும். விளையாட்டில் சிறுத்தையைக் கொண்டுவந்தால் அது நாலு பேரோடும் சண்டை போடத் தேவையில்லை. அவர்களுடைய கோவேறு கழுதையைத் தூக்கினால் போதும். கழுதை முதுகில்தான் எல்லாச் சாமானும்.

ஜூலை 13

இன்று போர்வீரன் செத்துவிட்டான். நான் எழுதினதை நானே கேட்காததால்.

சிறுத்தைக்குப் புத்தகத்துப் புலியின் எண்களைக் கொடுத்தேன், 37 உயிர்ப்புள்ளி. ஏற்கனவே அடிபட்டிருந்த போர்வீரன் கழுதையைக் காப்பாற்ற நடுவில் புகுந்தான். விழுந்தான். சிறுத்தையின் முறை திரும்ப வந்தது. பக்கத்தில் கிடக்கிறான், கடித்தது. நினைவில்லாத ஆளைப் பக்கத்திலிருந்து அடித்துப் பட்டால் அது பெரிய அடி என்று கணக்கு, சாவுக் கட்டையில் (மூன்று தோல்வி என்றால் சாவு) இரண்டு தோல்வி ஒரேயடியாக. அடுத்து அவன் முறை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் பிழைப்பு நீளும். எல்லார் முன்னாலும் உருட்டினான். 4. மூன்றாவது தோல்வி.

மறைத்து உருட்டியிருந்தால் கதையை மாற்றியிருக்கலாம் என்று நினைக்கிறீர்களா? நான் மறைத்து உருட்டுவதில்லை. ஒரு தரம் பொய் சொன்னால் பிறகு அவர்கள் பிழைத்த எல்லாத் தரமும் பொய்யாகிவிடும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகம், அந்த இரண்டாவது கடியில். பசித்த சிறுத்தை விழுந்ததை அங்கேயே நின்று கடித்துக்கொண்டிருக்காது. இழுத்துக்கொண்டு ஓடும். இழுத்திருந்தால் மற்ற மூன்று பேருக்கும் ஒரு சுற்று கிடைத்திருக்கும், துரத்தியிருப்பார்கள், செடிக்குள், இருட்டில், ஆளை மீட்க. அந்தச் சண்டை இதைவிடக் கடினம், இதைவிட நல்லதும்கூட. எனக்கு அந்த நேரம் எண்தான் கண்ணில் பட்டது.

பையன் வேறு டிவிசனிலிருந்து ஒரு மணி நேரம் நடந்து வருகிறவன். டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனான்.

ஜூலை 15

போர்வீரனுக்குப் போன் போட்டேன். டியூசன் இருக்கிறது, இந்தக் கிழமை வரமாட்டேன் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன டியூசன்?

ஜூலை 20

வந்துவிட்டான். புதுப் பாத்திரம், செத்தவனின் தம்பி. அதே எண்கள், பெயர் மட்டும் வேறு. நான் ஒன்றும் கேட்கவில்லை.

இன்றைக்கு நடந்தது பெரிய கதை. இழுத்து மூடிய பழைய தேயிலை பெக்டரி ஒன்றை வரைந்திருந்தேன். கீழே ரோலர்கள், அடுப்பு, மேல் தட்டுகளில் கொழுந்து வாட்டும் இடம். நடுவில் கடைசிப் பூதமாக ரோதமுனி (ரோதை என்றால் இயந்திரச் சக்கரம்). இரும்புக் கை, வார்ப்பட்டை முடி, டிராகனுக்குக் கொடுப்பது போல மற்றவர்கள் முறை முடியும்போதெல்லாம் குறுக்கே புகுந்து செய்ய மூன்று சிறப்புச் செயல். இரண்டு கிழமை வேலை.

அதை இஸ்தோப்பில் சத்தமாக விவரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பாயி சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தது. துருவுகிற சத்தம் நின்றது. "முனிய அடிச்சு என்னடா எடுக்கப் போறீங்க?" என்று கேட்டது. விளையாட்டு என்றேன். "ரோத ஒழுங்காச் சுத்தணும், ஒருத்தன் கையும் மாட்டக் கூடாதுன்னுதான் அவரக் கும்புடுறது. உங்க தாத்தா ஸ்டோருல முப்பது வருசம் வேல செஞ்சாரு. அவருக்கு விரல் பத்தும் இருந்துச்சா இல்லையா?" என்றது. இருந்தது. திரும்பத் துருவத் தொடங்கியது.

ஐந்து நிமிடம் இடைவேளை விட்டேன். ரோதமுனிக்கு உயிர்ப்புள்ளி எழுதியிருந்த தாளைக் கிழித்தேன். அடிக்கிற பூதமாக இல்லாமல் அந்த இடமே அவராக இருக்கட்டும். டிராகனின் குகைக்கு ஒரு விதி உண்டு, ஒவ்வொரு சுற்றிலும் முறை வரிசையில் 20 என்ற எண் வரும்போது குகையே ஏதாவது செய்யும். அதை எடுத்தேன். 20இல் ஒரு ஆறுமுகக் கட்டை. 1, 2 என்றால் வார்ப்பட்டை ஓடும், அதன் மேல் நிற்பவர் 10 அடி இழுபடுவார். 3, 4 என்றால் மேல் தட்டிலிருந்து தேயிலைத் தூசி, அந்தச் சுற்று அந்தப் பகுதியில் ஒன்றும் தெரியாது. 5, 6 என்றால் அடுப்பு வாய் திறந்து அனல். யார் பக்கமும் இல்லை, யார் நின்றாலும் படும்.

எதிரிகள்? பித்தளைச் சாமான் கழற்ற வந்த எட்டு கோபோல்டு, அவையும் குட்டிப் பூதங்கள். ஒன்றுக்கு 5 உயிர்ப்புள்ளி, 25 எக்ஸ்பி. மொத்தம் 200, ஏழு முதல் பத்து வரை என்பதால் இரண்டரையால் பெருக்கினால் 500. நடுத்தரத்தைக்கூடத் தொடவில்லை, தாளில் இது சுலபம். அவைகளுக்கோ அந்த இடத்தில் ஒவ்வொரு ஓட்டையும் தெரியும். கூட்டாளி பக்கத்தில் நின்றால் இரண்டு தரம் உருட்டிப் பெரியதை எடுக்கலாம் என்று ஒரு வரமும் உண்டு. இதே மாதிரி கோபோல்டுகள் பெரிய லெவல் ஆட்களுக்குத் தண்ணி காட்டிய கதை 1987இல் டிராகன் சஞ்சிகையில் வந்தது, டக்கரின் கோபோல்டுகள் என்றால் பழையவர்களுக்குத் தெரியும். படித்திருந்தேன். இன்று கண்ணால் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் இரண்டு பேர் கீழே, கள்ளன் ரோலருக்கும் சுவருக்கும் நடுவில், மந்திரவாதி தூசியில் இருமிக்கொண்டு.

அப்போது தங்கச்சி தன் முறையை முழுசாகச் செலவழித்தாள். அடிக்கவில்லை, குணமாக்கவும் இல்லை. வார்ப்பட்டைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, வெத்தலை பாக்கும் சுருட்டும் வைத்துக் கும்பிட்டாள். அவள் பாத்திரத்தின் பையில் சுருட்டு இருந்ததா? சாமான் பட்டியலில் இல்லை. கள்ளன்கூட அதைக் கேட்கவில்லை. அடுத்த 20இல் கட்டையை உருட்டினேன், 1. வார்ப்பட்டை ஓடியது. "அதன் மேல் நின்ற மூன்று கோபோல்டையும் இழுத்துப் போனது, உங்கள் ஆளை விட்டுவிட்டது" என்றேன். எந்த விதியிலும் இல்லை. நான் கொடுத்தேன்.

மறைத்து உருட்டமாட்டேன் என்று போன கிழமை பெரிதாக எழுதியவன்தான். கட்டை பொய் சொல்லவில்லை, விளக்கம்தான் வளைந்தது என்று வாதாடலாம். கள்ளன் வாதாடுவான்.

இரண்டே கால் மணி நேரம் நடந்த சண்டை, ஆறு சுற்று. ஒரு சுற்று 6 விநாடி. அவர்களுக்கு முப்பத்தாறு விநாடி, எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும்.

ஜூலை 27

பண்டாரவளைக்காரருக்கு. உங்கள் ட்ரோலுக்குத் திரும்ப வருவோம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலம் இருக்க, எதற்கு ட்ரோலைக் குகைக்குள் வைக்கிறீர்கள்?

அந்தப் பாலம் 1921இல் முடிந்தது. நீளம் 91 மீட்டர், ஏறத்தாழ 300 அடி. உயரம் 24 மீட்டர், 80 அடி என்று வைப்போம். உங்கள் ஆட்கள் ஒரு சுற்றில் முழு ஓட்டம் ஓடினால் 60 அடி, பாலத்தைக் கடக்க ஐந்து சுற்று. ஓடினால் அடிக்க முடியாது. ட்ரோலுக்கும் அதே வேகம்தான். அது வளைவுக்குக் கீழேயிருந்து ஏறி வரட்டும், நடுப்பாலத்தில். விழுந்தால் 10 அடிக்கு ஒரு ஆறுமுகக் கட்டை, 80 அடிக்கு எட்டு, சராசரி 28. உடம்புக் கூடுதல் 2 உள்ள 3ஆம் லெவல் போர்வீரனுக்குச் சராசரி உயிர்ப்புள்ளி எவ்வளவு? 28. நான் வேண்டுமென்று வைக்கவில்லை, கணக்கே அப்படி வருகிறது. ட்ரோல் விழுந்தால் 84இல் 28 போகும், ஊறிக்கொண்டே திரும்ப ஏறி வரும்.

அவர்கள் கையில் இரண்டு ஆட்டைக் கொடுங்கள், எல்லவில் யாருக்கோ சேர்க்க வேண்டும் என்று. ஆட்டை இழுத்துக்கொண்டு முழு ஓட்டம் ஓட முடியாது, ஆக பத்து சுற்று. ட்ரோலுக்கு வேண்டியது ஆடு, ஆள் இல்லை.

அப்புறம் மூன்றாவது சுற்றில், முறை எண் 20இல், ரயில்.

உயிர்ப்புள்ளியில் கை வைக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 4

பண்டாரவளையிலிருந்து பதில் வந்திருக்கிறது. அவர்கள் பாலத்தின் முனையிலேயே நின்று ட்ரோலைக் கூப்பிட்டு, ஒரு ஆட்டைக் கொடுத்துவிட்டு, ரயில் போன பிறகு நடந்து கடந்துவிட்டார்களாம். கட்டையே உருட்டவில்லை. "சண்டை நடக்கவில்லையே, நான் தோற்றுவிட்டேனா?" என்று கேட்கிறார்.

பேச்சு எவ்வளவு நேரம் போனது என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரமாம். ஒரு ஆடு போதுமா இரண்டும் வேண்டுமா என்று ட்ரோல் பேரம் பேசியதாம்.

சரி. ட்ரோலுக்கு 84ம் அப்படியே இருக்கிறது. எல்லவில் கேட்டது இரண்டு ஆடு, போய்ச் சேர்ந்தது ஒன்று. திரும்பி வருகிற வழியும் அதே பாலம்தானே?